ஆயுள் நீண்ட பின் தெரிந்த நோய்: எச்.ஐ.வி. தொற்றும் இதயமும்

எச்.ஐ.வி. தொற்றின் மருத்துவ வரலாறு பெரும்பாலும் நுரையீரல், தோல், மூளை ஆகிய உறுப்புகளைச் சுற்றியே எழுதப்பட்டு வந்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு அரியவகை நிமோனியா கண்டதாக 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில் வெளிவந்த குறிப்பே இந்நோயைப் பற்றிய முதல் பதிவு. அடுத்த மாதமே, கப்போசி சார்கோமா எனப்படும், தோலில் கருஞ்சிவப்புத் திட்டுகளாகத் தோன்றும் புற்றுநோய் பற்றிய பதிவும் வந்தது. அந்நாளைய மருத்துவர் எவரும் இந்நோயாளிகளின் இதயத்தைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை; கவலைப்படக் காரணமும் இருக்கவில்லை, ஏனெனில் தமனி அடைத்து மாரடைப்பு வருவதற்கு ஆண்டுகள் பல வேண்டும், அந்த நோயாளிகளுக்கோ மாதங்களே மிச்சமிருந்தன. அதே தொற்றோடு வாழ்பவர்களை வாட்டும் முதன்மையான நோய்களுள் ஒன்றாக இதயநோய் இன்று எண்ணப்படுகிறது. இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதையும், அதற்கான பழி முதலில் வைரஸ் மீதும், பிறகு மருந்தின் மீதும், இறுதியில் உடலின் ஓயாத அழற்சியின் மீதும் எவ்வாறு மாறி மாறி விழுந்தது என்பதையும் தொடர்ந்து பார்த்தால்தான், இன்றைய சிகிச்சை மையங்களில் எது விடுபட்டுப் போகிறது என்பது விளங்கும்.

இதயத்தில் நோய் இருப்பது முதன்முதலில் உயிரோடிருந்தவர்களிடம் தெரியவரவில்லை. பிணக்கூறாய்வு மேசையில்தான் தெரியவந்தது. 1980களின் முற்பகுதியில் இறந்த எய்ட்ஸ் நோயாளிகளின் உடல்களை ஆராய்ந்த நோய்க்குறியியலாளர்கள், கப்போசி சார்கோமா இதயத்திலும் பரவியிருந்ததைக் கண்டனர். 1986இல், இதய அறைகள் விரிந்து, சுவர் தளர்ந்து, இரத்தத்தை வெளித்தள்ளும் வலிமை குன்றியிருந்த மூன்று நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. விரிவடைந்த இதயத்தசை நோய் என்று சொல்லப்படும் இந்நிலையில், நோயாளி நாலடி நடந்தாலே மூச்சு வாங்குவார், கால் வீங்கும், படுத்தால் மூச்சுத் திணறும். நுரையீரல் தொற்றால் ஏற்கெனவே இளைத்துக் கொண்டிருந்த ஒருவரிடம் இந்த அறிகுறிகள் தோன்றினால் அவை இதயத்திலிருந்து வருகின்றன என்று யாருக்குத் தோன்றும்? கூடுதல் நிமோனியா என்றே அவை எழுதப்பட்டன. இத்தாலியில் நோய் அறிகுறியற்ற 952 பேரைத் தொடர்ந்து கவனித்து 1998இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேரில் ஏறத்தாழ 16 பேருக்கு இத்தசைநோய் புதிதாக உண்டாவதாகக் கணக்கிட்டது. வைரஸ் நேரடியாகத் தசையைத் தாக்குகிறதா, அல்லது எதிர்ப்பாற்றல் குன்றிய உடலில் புகும் வேறு கிருமிகளும் ஊட்டக்குறைவும் சேர்ந்து இதைச் செய்கின்றனவா என்ற விவாதம் நெடுநாள் நடந்தது. இரண்டுமே ஓரளவு உண்மை என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு.

ஏழை நாடுகளில் இதயத்தின் கதை வேறு பாதையில் போயிற்று. அங்கே முதல் பகை காசநோய். இதயத்தைச் சுற்றியுள்ள இரட்டைச் சவ்வுறைக்குள் காசக்கிருமி புகுந்தால் அங்கே நீர் கோத்துக்கொள்ளும். நீர் மிகுந்தால் இதயம் விரிய இடமின்றி நெருக்குண்டு போகும். நீர் வற்றிய பிறகும் உறை தடித்து இறுகி, இதயத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்வதுண்டு. தென்னாப்பிரிக்காவின் சோவெட்டோ நகரில் பராக்வனாத் மருத்துவமனைக்குப் புதிதாக இதயநோயோடு வந்த 5,328 பேரை ஆராய்ந்தபோது, பத்தில் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது, அவர்களுள் 38 விழுக்காட்டினருக்கு இதயத்தசை நோயும், கால்பங்கினருக்கு இதயவுறை நோயும் இருந்தன, தமனி அடைப்பு இருந்தவர்களோ மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. அந்நாட்டின் இதயநோய் மருத்துவர் பொங்கானி மயோசி தலைமையில் ஆப்பிரிக்க நாடுகளில் 1,400 நோயாளிகளிடம் நடந்து 2014இல் முடிவு வெளியான ஆய்வு, காசநோயால் வரும் இதயவுறை அழற்சிக்கு ஸ்டீராய்டு கொடுப்பது உறை இறுகுவதைக் குறைத்தாலும், மொத்தத்தில் உயிரிழப்பைக் குறைக்கவில்லை என்றும், எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் புற்றுநோயைக் கூட்டியது என்றும் காட்டியது. காசநோயும் எச்.ஐ.வி.யும் கைகோத்து நடமாடும் இந்தியாவுக்கு இந்த ஆப்பிரிக்க அனுபவம் மிக நெருக்கமானது.

இந்தியாவில் இத்தொற்று முதலில் கண்டறியப்பட்ட இடம் சென்னை. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இத்தொற்றைத் தேடும் ஆய்வை ஒப்படைத்தார். நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடமிருந்து சேகரித்த இரத்த மாதிரிகளை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசென்று சோதித்தபோது, 1986இல் ஆறு மாதிரிகளில் தொற்று உறுதியாயிற்று. பத்தாண்டு கழிவதற்குள் நோயாளிகள் வந்து குவிந்த இடம் தாம்பரம். காசநோயாளிகளுக்காக 1928இல் மருத்துவர் சௌரிமுத்து நிறுவி, பின்னர் அரசு ஏற்று நடத்திய அந்தச் சானட்டோரியம், இரயில் நிலையத்துக்கே தன் பெயரைக் கொடுத்த அளவுக்குப் புகழ் பெற்றது. வேறு மருத்துவமனைகள் படுக்கை தர மறுத்த காலத்தில் அது எய்ட்ஸ் நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. இந்த ஒரு செயலுக்காகவே தமிழகப் பொதுநல வரலாற்றில் அதற்குத் தனியிடம் கொடுக்க வேண்டும். அங்கே வந்தவர்களுள் பெரும்பாலோருக்குக் காசநோய் இருந்ததால், ஊடுகதிர்ப் படத்தில் இதயத்தின் நிழல் பெருத்துத் தெரிவதும், இதயவுறையில் நீர் கோத்திருப்பதும் மருத்துவர்களுக்குப் புதியனவாக இருந்திருக்க முடியாது. எனினும் அன்றைய முதற்கவலை, வந்தவரை அடுத்த மாதம் வரை உயிரோடு வைத்திருப்பதாகவே இருந்தது.

மேலை நாடுகளில் இந்தக் கவலை 1996இல் தலைகீழாகிவிட்டது. வைரஸ் தன் புரதங்களை வெட்டி ஒழுங்குபடுத்தப் பயன்படுத்தும் புரோட்டியேஸ் என்னும் நொதியை முடக்கும் மருந்துகள் 1995 டிசம்பரிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக அனுமதி பெற்றன. அவற்றைப் பழைய மருந்துகளோடு சேர்த்து மூன்றாகக் கொடுக்கும் கூட்டுமருந்து முறையின் வெற்றி 1996 ஜூலையில் வான்கூவர் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் எய்ட்ஸ் மரணங்கள் ஒரே ஆண்டில், 1996க்கும் 1997க்கும் இடையில், 47 விழுக்காடு குறைந்தன. சாகக் காத்திருந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். ஆனால் ஈராண்டுக்குள் அவர்களின் உடல் உருமாறத் தொடங்கியது: கன்னம் ஒட்டியது, கை கால்களில் நரம்பு புடைத்துத் தெரிந்தது, வயிறும் பிடரியும் பருத்தன. இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு பன்மடங்கு ஏறியது. இன்சுலின் வேலை செய்யாமல் சர்க்கரை கூடியது. சிட்னி நகரின் ஆண்ட்ரூ கார், டேவிட் கூப்பர் ஆகியோரின் குழு 1998இல் இதைப் புரோட்டியேஸ் தடுப்பான்களோடு தொடர்புடைய ஒரு நோய்க்கூட்டம் என்று வரையறுத்தது. அதே ஆண்டில், இம்மருந்துகளை உண்டுவந்த இரண்டு இளைஞர்களுக்குக் கடுமையான இதயத் தமனி அடைப்பு கண்டதை லான்செட் இதழ் வெளியிட்டது. உயிர் காத்த மருந்தே இதயத்தைக் கெடுக்கிறதோ என்ற அச்சம் நோயாளிகளிடமும் மருத்துவர்களிடமும் பரவியது.

அச்சத்தைக் கணக்காக மாற்ற, ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளின் 11 ஆய்வுக்குழுக்கள் 1999இல் ஒன்றிணைந்து, மருந்துகளின் பக்கவிளைவுகளைத் தொடர்ந்து பதிவு செய்யும் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கின. 23,468 நோயாளிகளைக் கண்காணித்து 2003இல் வெளியிடப்பட்ட அதன் முதல் பெரிய முடிவு, கூட்டுமருந்து உண்ணும் ஒவ்வோர் ஆண்டுக்கும் மாரடைப்பு அபாயம் 26 விழுக்காடு கூடுவதாகக் கூறியது. இந்த எண்ணைப் படிக்கும்போது மற்றோர் எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: அந்த இருபத்து மூவாயிரத்துச் சொச்சம் பேரில் அக்காலத்தில் மாரடைப்பு வந்தவர்கள் 126 பேர் மட்டுமே. சிறிய அபாயம் கூடினாலும் அது சிறிய அபாயமே; சிகிச்சையை விட்டால் வருவதோ மரணம். இதே கண்காணிப்பு 2008இல் அபகாவிர் என்ற மருந்தை அண்மையில் உண்டவர்களுக்கு மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ இருமடங்கு என்று தெரிவித்தபோது நெடிய சர்ச்சை எழுந்தது. பிற ஆய்வுகள் சில அதை மறுத்தன, சில ஆதரித்தன. அந்தச் சர்ச்சையின் இரைச்சலில், பங்கேற்றவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் புகைப்பிடிப்பவர்களாகவோ புகைத்து விட்டவர்களாகவோ இருந்தனர் என்ற எளிய செய்தி போதிய கவனம் பெறாமல் போனது வருந்தத்தக்கது.

தமிழகத்தில் உருமாற்றம் வேறொரு மருந்தால் வந்தது. மும்பையின் சிப்லா நிறுவனம் 2001இல் மூன்று மருந்துகளை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்ததால் உலகச் சந்தையில் விலை சரிந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு எட்டு மையங்களில் இலவசச் சிகிச்சையைத் தொடங்கியது, தாம்பரம் அவற்றுள் ஒன்று. கொடுக்கப்பட்ட கூட்டில் பெரும்பாலும் இருந்தவை ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் என்பவை. புரோட்டியேஸ் தடுப்பான்கள் விலை மிகுந்தவை என்பதால் முதல்வரிசையில் இடம்பெறவில்லை. ஆகவே மேலை நாட்டினரை அச்சுறுத்திய கொழுப்பேற்றம் இங்கே அதே வடிவில் வரவில்லை. ஆனால் ஸ்டாவுடின் முகத்தின் கொழுப்பை உருக்கியது, பாதங்களில் எரிச்சலையும் மரமரப்பையும் தந்தது, இன்சுலினின் வேலையைக் கெடுத்தது. குழி விழுந்த கன்னத்தைப் பார்த்தே ஊரார் நோயைக் கண்டுகொள்வார்களோ என்று பலர் அஞ்சி ஒதுங்கினர். உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் இம்மருந்தைக் கைவிடுமாறு பரிந்துரைத்த பிறகு, டெனோஃபோவிர் அதன் இடத்துக்குப் படிப்படியாக வந்தது. முதல்வரிசை மருந்து பலிக்காதவர்களுக்கான இலவச இரண்டாம்வரிசைச் சிகிச்சை 2008 ஜனவரியில் மும்பையிலும் தாம்பரத்திலும் தொடங்கியபோதுதான் புரோட்டியேஸ் தடுப்பான்கள் அரசு மருந்தகங்களுக்குள் வந்தன.

மருந்தே குற்றவாளி என்ற எண்ணத்தை உடைத்தது, அந்த எண்ணத்தின் அடிப்படையில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வுதான் என்பது இவ்வரலாற்றின் முக்கியமான திருப்பம். மருந்தைக் குறைத்தால் பக்கவிளைவு குறையும் என்ற எதிர்பார்ப்போடு, 33 நாடுகளில் 5,472 பேரை இரண்டு பிரிவாக்கி ஸ்மார்ட் என்ற பெயரில் அவ்வாய்வு நடத்தப்பட்டது. ஒரு பிரிவினர் இடைவிடாமல் மருந்து உண்டனர்; மற்றவர்கள், நோய் எதிர்ப்பைக் காட்டும் சி.டி.4 வெள்ளணுக்களின் எண்ணிக்கை நன்றாக இருக்கும்வரை மருந்தை நிறுத்தி, எண்ணிக்கை குறைந்தபோது மட்டும் மீண்டும் உண்டனர். இதயம் தேறும் என்று எதிர்பார்த்த இடத்தில் நேர்மாறு நிகழ்ந்தது. நிறுத்தி நிறுத்தி உண்டவர்களிடம் மரணமும், எதிர்ப்பாற்றல் குன்றும்போது புகும் சந்தர்ப்பத் தொற்றுகளும் இரண்டரை மடங்குக்கு மேல் கூடின. இதயம், சிறுநீரகம், கல்லீரல் சார்ந்த பெருநோய்கள் 1.7 மடங்காயின. 2006 ஜனவரியில் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. வைரஸ் கட்டுமீறிப் பெருகும்போது இரத்தத்தில் அழற்சியையும் உறைதலையும் காட்டும் பொருள்கள் உயர்கின்றன என்பதும், அவை உயர்ந்தவர்களே மிகுதியாக இறந்தனர் என்பதும் பிறகு தெரியவந்தன.

அழற்சி என்பது இங்கே காய்ச்சலோ வீக்கமோ அன்று. எதிர்ப்பாற்றல் மண்டலம் ஓய்வின்றி விழித்தே இருக்கும் நிலை. தொற்றின் தொடக்க வாரங்களிலேயே குடற்சுவரில் உள்ள சி.டி.4 அணுக்கள் பெருமளவில் அழிந்துவிடுவதால், குடலில் வாழும் பாக்டீரியாக்களின் சிதைவுகள் இரத்தத்துக்குள் கசிகின்றன. அவற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் தூண்டப்பட்டு, தமனியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, அங்கே கொழுப்பை விழுங்கிப் படிவை வளர்க்கின்றன. மருந்தால் வைரஸ் அளக்க முடியாத அளவுக்கு அடங்கிய பின்னும் இந்த விழிப்பு முழுவதும் தணிவதில்லை. ஸ்கேன் படங்களில் இந்நோயாளிகளிடம் அதிகமாகக் காணப்படுவது சுண்ணாம்பு ஏறி இறுகிய பழைய படிவன்று; மென்மையான, எளிதில் வெடிக்கக்கூடிய படிவு. அது வெடித்தால் அந்த இடத்தில் இரத்தம் உறைந்து தமனி அடைபடும். அதனால்தான் நடக்கும்போது நெஞ்சு வலித்து முன்னறிவிப்புத் தரும் வழக்கமான நோயாளியைப் போலன்றி, எந்த அறிகுறியும் இல்லாதவருக்குத் திடீரென மாரடைப்பு வர வாய்ப்பிருக்கிறது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்கள் 82,459 பேரை ஒப்பிட்டு 2013இல் வெளிவந்த ஆய்வு, புகைத்தல், இரத்த அழுத்தம், சர்க்கரை முதலியவற்றைக் கழித்துப் பார்த்த பின்னும், தொற்றுள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் ஒன்றரை மடங்காக இருப்பதைக் காட்டியது.

அந்தப் படைவீரர்களுள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். பெண்களின் நிலை இன்னும் கடுமையானது என்பதைப் பாஸ்டன் நகரின் இரண்டு மருத்துவமனைகளில் 3,851 நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2007இல் வெளியான கட்டுரை முன்பே சொல்லியிருந்தது: தொற்றில்லாதவர்களோடு ஒப்பிட்டால் ஆண்களுக்கு அபாயம் 1.4 மடங்கு, பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு. தமிழகத்தின் சிகிச்சை மையங்களில் வரிசையில் நிற்பவர்களுள் கணவரிடமிருந்து தொற்றுப் பெற்று, கணவரை இழந்து, பிள்ளைகளைத் தனியாக வளர்த்து ஆளாக்கிய பெண்கள் பலர். மாதவிடாய் நிற்கும் வயதை அவர்கள் இப்போது எட்டுகிறார்கள். களைப்பு, மேல்வயிற்று எரிச்சல், தாடை வலி என்று அவர்கள் சொல்வதை வாயுத் தொல்லை என்று தள்ளிவிடும் பழக்கம் வீட்டிலும் உண்டு, புறநோயாளர் பிரிவிலும் உண்டு. இதைவிடக் கவலைக்குரிய இடைவெளி இத்துறையில் வேறில்லை.

தடுக்கும் வழிக்கான தேடல் ஜப்பானில் பிறந்த ஒரு மருந்தினத்தில் போய் முடிந்தது. அகிரா எண்டோ என்ற உயிர்வேதியியலாளர் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளை வடிகட்டி, 1973இல் ஒரு நீலப் பூஞ்சையிலிருந்து, கல்லீரல் கொலஸ்ட்ராலை உற்பத்தி செய்வதைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். ஸ்டேட்டின் எனப்படும் மருந்துகள் அனைத்துக்கும் அதுவே மூலம். ஆனால் எச்.ஐ.வி. நோயாளிக்கு எந்த ஸ்டேட்டினையும் எடுத்துக் கொடுத்துவிட முடியாது. புரோட்டியேஸ் தடுப்பான்களுக்கு வலுவூட்டச் சேர்க்கப்படும் ரிட்டோனாவிர், கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடுவதால், அதே நொதியை நம்பியிருக்கும் சிம்வாஸ்டேட்டின் இரத்தத்தில் பன்மடங்கு தேங்கி, தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். அந்த நொதியைப் பெரும்பாலும் சாராத பிட்டவாஸ்டேட்டின் என்னும் ஜப்பானிய மருந்து அதனால்தான் பெரிய ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ரிப்ரீவ் என்ற அந்த ஆய்வில் இந்தியா உட்பட 12 நாடுகளில், 40 முதல் 75 வயதுக்குட்பட்ட 7,769 பேர் பங்கேற்றனர். அவர்களுள் 31 விழுக்காட்டினர் பெண்கள். வழக்கமான கணக்கீட்டின்படி இவர்களுக்கு இதயநோய் அபாயம் குறைவு அல்லது மிதமானதே. ஸ்டேட்டின் தேவையில்லை என்றே எந்த மருத்துவரும் சொல்லியிருப்பார். ஆயினும் நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் மருந்து உண்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெருநிகழ்வுகள் 35 விழுக்காடு குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வு முன்கூட்டியே முடிக்கப்பட்டு, 2023 ஜூலையில் முடிவு வெளியாயிற்று. கெட்ட கொழுப்பு குறைந்த அளவைக் கொண்டு எதிர்பார்த்ததைவிட அதிகமான பலன் அது. மருந்து உண்டவர்களிடம் நீரிழிவும் தசைவலியும் சற்றே கூடியதையும் மறைப்பதற்கில்லை. அமெரிக்க வழிகாட்டுதல்கள் 2024இல் இம்முடிவை ஏற்று, 40 வயதைக் கடந்தவர்களுக்கு ஸ்டேட்டினைப் பரிந்துரைக்கத் தொடங்கின.

இந்தியாவில் இத்தொற்றோடு வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம் பேர். 2004இல் சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழே போன பிறகுதான் மருந்து என்றிருந்த விதி, 2017இல் தொற்று தெரிந்த உடனே மருந்து என்று மாறியது; இன்றைய முதல்வரிசை மருந்தான டொலுடெகிராவிர் வைரஸை விரைந்து அடக்குகிறது, ஆனால் சிலரிடம் உடல் எடையைக் கூட்டுகிறது. தெற்காசியர்களுக்கு மாரடைப்பு பிற இனத்தாரைவிட இளவயதிலேயே வருகிறது என்பது ஏற்கெனவே தெரிந்தது. அந்த அடித்தளத்தின் மேல் இருபது ஆண்டு அழற்சியும், பழைய மருந்துகள் விட்டுச்சென்ற கோளாறும், கூடும் எடையும் ஏறி நிற்கின்றன. சிகிச்சை மையங்களோ இன்னும் வைரஸை அடக்கும் ஒரே வேலைக்காக அமைந்தவையாகவே உள்ளன. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டு வாசலிலேயே மருந்து தருகிறது; அது பாராட்டத்தக்க திட்டம்தான். ஆனால் தம் நோய் தெருவில் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே பக்கத்து மாவட்டத்து மையத்துக்குப் பேருந்து ஏறிப் போகிறவர், வாசலில் வந்து விசாரிக்கும் ஊழியரிடம் தாம் உண்ணும் மாத்திரைகளை எல்லாம் காட்டுவார் என்று எதிர்பார்க்க முடியாது. காட்டாவிட்டால், எந்த மருந்தோடு எந்த மருந்து மோதும் என்பதைப் பார்க்க ஆளில்லை.

ஆகவே இந்த வேலை, கூட்டுமருந்து வழங்கும் ஏ.ஆர்.டி. மையத்திலேயே நடக்க வேண்டும். மாத்திரை வாங்க நோயாளி வரும் அதே நாளில், அதே அறையில், இரத்த அழுத்தம் பார்க்கப்பட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது சர்க்கரையும் கொழுப்பும் சோதிக்கப்பட வேண்டும். பீடி, சிகரெட், புகையிலை பற்றிக் கேட்கப்பட வேண்டும். நாற்பதைத் தாண்டியவருக்கு ஸ்டேட்டின் தேவையா என்பதை மருத்துவர் அவரோடு அமர்ந்து பேச வேண்டும். இந்தச் சோதனைகள் எவையும் விலை மிகுந்தவை அல்ல. நோயாளிகளும், கேட்காமல் கிடைக்காது என்பதை உணர்ந்து, அடுத்த முறை மையத்துக்குப் போகும்போது தம் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இதயநோய்க்கு அஞ்சிக் கூட்டுமருந்தை எவரும் ஒரு நாளும் நிறுத்திவிடக் கூடாது.